வில்லியம் லயன் மெக்கென்சி: அச்சுக்கூடமும் அதிகாரமும்

வில்லியம் லயன் மெக்கென்சி (மார்ச் 12, 1795 – ஆகஸ்ட் 28, 1861) கனடாவின் இதழாளர், பத்திரிகை உரிமையாளர், அரசியல்வாதி. மேல் கனடா மாகாணத்தில் 'கலோனியல் அட்வகேட்' என்னும் வார இதழை நிறுவி நடத்தினார். அம்மாகாணத்தின் சட்டமன்ற உறுப்பினராகவும் டொராண்டோ நகரின் முதல் மேயராகவும் பதவி வகித்தார். 1837 இல் காலனி அரசுக்கு எதிராக ஆயுதக் கிளர்ச்சி நடத்தித் தோற்று அமெரிக்காவுக்குத் தப்பிச் சென்றார். 1849 இல் பொதுமன்னிப்புப் பெற்று, நாடு திரும்பி மீண்டும் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

மெக்கென்சியைப் பற்றிய மதிப்பீடுகள் பெரும்பாலும் இரண்டு வகையானவை. ஒன்று அவரைக் கனடிய ஜனநாயகத்தின் முன்னோடியாகக் காண்கிறது. மற்றொன்று பொறுப்பில்லாத கலகக்காரராகக் காண்கிறது. இரண்டும் அவரை அரசியல்வாதியாக மட்டுமே அளவிடுகின்றன. ஆனால் எந்தப் பதவியில் இருந்தபோதும் மெக்கென்சி பத்திரிகைக்காரராகவே செயல்பட்டார். ஆவணங்களைத் திரட்டுவது, பெயர்களைப் பட்டியலிடுவது, கடிதங்களை அச்சேற்றுவது, எதிராளியைப் பெயர் சொல்லித் தாக்குவது ஆகியவை அவரது இதழியல் வழக்கங்கள். அவற்றையே அவர் சட்டமன்றத்துக்கும் நகரசபைக்கும் போர்க்களத்துக்கும் கொண்டுசென்றார். அவரது வெற்றி, தோல்வி இரண்டையும் இந்த இயல்பைக் கொண்டே விளங்கிக்கொள்ள முடியும்.

பிறப்பு, இளமை

மெக்கென்சி ஸ்காட்லாந்தின் டண்டி நகரில் டேனியல் மெக்கென்சி, எலிசபெத் சேம்பர்ஸ் இணையருக்குப் பிறந்தார். நெசவாளரான தந்தை, குழந்தை பிறந்த சில வாரங்களிலேயே இறந்தார். தாய் கடுமையான சமய ஒழுக்கமும் பைபிள் வாசிப்பும் கொண்டவர். வறுமையில் மகனை வளர்த்த அவர், பிற்காலத்தில் கனடாவுக்கு வந்து மகனுடனேயே இறுதிவரை வாழ்ந்தார்.

மெக்கென்சி இளமையில் தீவிர வாசகர். 1806 முதல் 1819 வரை தான் வாசித்த 958 நூல்களைப் பட்டியலிட்டு வைத்திருந்தார். எதையும் எண்ணிப் பதிவு செய்து வைக்கும் இப்பழக்கம் பின்னர் அவரது இதழியலின் அடிப்படையாகியது. அலித் என்ற சிற்றூரில் தாயுடன் சேர்ந்து நடத்திய கடை 1814 இல் நொடித்தது. கடனும் வேலையின்மையும் அவரை ஊர் ஊராக அலையவைத்தன.

1820 இல் நண்பர் ஜான் லெஸ்லியுடன் கனடாவுக்குக் கப்பலேறினார். யார்க் நகரில் புத்தகங்களும் மருந்துகளும் விற்கும் கடையிலும், பின்னர் டண்டாஸ் நகரில் அதன் கிளையிலும் வணிகம் செய்தார். 1822 இல் மாண்ட்ரியலில் இசபெல் பாக்ஸ்டரை மணந்தார். வணிகம் ஓரளவு நிலைபெற்ற பின்னரே அவர் பத்திரிகைத் தொழிலுக்கு வந்தார். பொருளியல் நோக்கில் அது பின்னடைவான முடிவு. கடையில் அவர் ஈட்டிய பாதுகாப்பைப் பத்திரிகை ஒருபோதும் அளிக்கவில்லை.

மேல் கனடாவின் அரசியல் பின்னணி

இன்றைய ஒன்டாரியோவின் தென்பகுதி 1791 முதல் மேல் கனடா என்ற தனி மாகாணமாக இருந்தது. 1824 இல் அதன் மக்கள்தொகை ஏறக்குறைய 1,50,000. லண்டன் அரசு நியமிக்கும் துணைநிலை ஆளுநர் மாகாணத்தை ஆண்டார். அவருக்கு ஆலோசனை சொல்லும் நிர்வாக சபையும் சட்டங்களைத் தடுக்கும் அதிகாரம் கொண்ட மேலவையும் நியமன உறுப்பினர்களால் ஆனவை. மக்கள் தேர்ந்தெடுத்த சட்டமன்றம் இவற்றுக்குக் கீழே இருந்தது. சட்டமன்றம் சட்டம் இயற்றலாம், மேலவை அதைக் கிடப்பில் போடலாம்.

நியமனப் பதவிகள் யார்க் நகரைச் சேர்ந்த சில குடும்பங்களிடம் குவிந்திருந்தன. நீதிபதி, வழக்கறிஞர், மதகுரு, வங்கி இயக்குநர், நில அதிகாரி எனப் பலரும் திருமணத்தாலோ கல்வியாலோ ஒருவருக்கொருவர் உறவினர்கள். ஆங்கிலிக்கத் திருச்சபையின் ஜான் ஸ்ட்ராகன், தலைமை வழக்கறிஞராக இருந்து பின்னர் தலைமை நீதிபதியான ஜான் பெவர்லி ராபின்சன் ஆகியோர் இக்குழுவின் மையங்கள். ஒவ்வொரு குடியேற்றப் பகுதியிலும் ஏழில் ஒரு பங்கு நிலம் புராட்டஸ்டன்ட் மதகுருக்களின் பராமரிப்புக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. ஆங்கிலிக்கத் திருச்சபை அதைத் தனக்கே உரியதாகக் கோரியது. காடாகக் கிடந்த அந்நிலங்களுக்கு நடுவே சாலையின்றி, அண்டை வீடின்றி வாழ்ந்த விவசாயிகளுக்கு இது நாள்தோறும் உணரக்கூடிய குறையாக இருந்தது.

இந்தக் குழுவை 'ஃபேமிலி காம்பாக்ட்' என்று அழைக்கும் வழக்கத்தைப் பரப்பியவர்களில் முதன்மையானவர் மெக்கென்சி. 1833 இல் வெளியிட்ட நூலில் அவர் பதவியாளர்களை எண்ணிட்டு வரிசைப்படுத்தி, யார் யாருக்கு மகன், மருமகன், மைத்துனன் என்று குறிப்பிட்டார். பலரும் பொதுவாக முணுமுணுத்துக்கொண்டிருந்த ஒன்றை எவரும் சரிபார்க்கத்தக்க பட்டியலாக மாற்றினார். அவரது இதழியலின் சிறந்த கூறு இது.

கலோனியல் அட்வகேட்

கலோனியல் அட்வகேட்டின் முதல் இதழ் மே 18, 1824 அன்று குவீன்ஸ்டன் ஊரிலிருந்து வெளிவந்தது. அவ்வாண்டு நவம்பரில் மெக்கென்சி தலைநகரான யார்க்குக்கு இதழை மாற்றினார். சட்டமன்ற விவாதங்களும் அரசின் கணக்குகளும் இருந்த இடத்திலேயே தானும் இருக்கவேண்டும் என்பது அவரது எண்ணம்.

குவீன்ஸ்டனில் இருந்தபோதே முதல் மோதல் நிகழ்ந்தது. 1812 போரில் இறந்த தளபதி ஐசக் பிராக்கின் நினைவுத்தூணுக்கு அடிக்கல் நாட்டியபோது, அதனுள் வைத்த பொருட்களுடன் கலோனியல் அட்வகேட்டின் ஒரு பிரதியும் சேர்க்கப்பட்டது. இதை அறிந்த துணைநிலை ஆளுநர் பெரெக்ரின் மெய்ட்லண்ட், கட்டுமானத்தைத் தோண்டி அப்பிரதியை வெளியே எடுக்க உத்தரவிட்டார். தொடங்கிச் சில மாதங்களே ஆன ஓர் உள்ளூர் இதழுக்கு ஆளுநரே இவ்வாறு விளம்பரம் தேடித் தந்தார்.

இதழை நடத்துவது எளிதாக இருக்கவில்லை. சந்தாதாரர்கள் பணம் செலுத்தத் தாமதித்தனர். பத்திரிகையை அஞ்சலில் அனுப்பும் கட்டணத்தை வெளியீட்டாளர் முன்கூட்டியே செலுத்தவேண்டும். அக்கட்டணம் அஞ்சல்துறைத் தலைவரின் சொந்த வருமானமாகச் சென்றது. மெக்கென்சி பின்னர் சட்டமன்றத்தில் அஞ்சல் நிர்வாகத்தை விசாரிக்க முனைந்ததற்கு இந்த நேரடி அனுபவம் ஒரு காரணம்.

இதழின் உள்ளடக்கம் சீரானது அல்ல. ஒரே இதழில் அரசுச் செலவுகளின் விரிவான அட்டவணையும், வேளாண்மைக் குறிப்பும், வெளிநாட்டு இதழ்களிலிருந்து எடுத்த பகுதிகளும், தனிமனிதர் மீதான ஏளனமும் அடுத்தடுத்து வரும். மெக்கென்சிக்குத் தொகுப்பாளருக்குரிய கட்டுப்பாடு இல்லை. எதை விடுவது என்று அவர் அறிந்திருக்கவில்லை. ஆனால் கிராமப்புற வாசகர்களுக்கு அது குறையாகத் தெரியவில்லை. தலைநகரில் தங்கள் வரிப்பணம் எங்கே செல்கிறது என்பதைத் தொகைகளுடன் சொன்ன இதழ் அது.

அச்செழுத்துக் கலவரம்

1826 மே மாதத்தில் மெக்கென்சி 'பேட்ரிக் ஸ்விஃப்ட்' என்ற புனைபெயரில் அங்கதக் கட்டுரைகளை வெளியிட்டார். அவை அரசுக் கொள்கைகளை விட்டுவிட்டு, ஆளும் குடும்பங்களின் தனிவாழ்க்கையையும் மூதாதையரின் ஒழுக்கத்தையும் குறிவைத்தன. அக்குடும்பங்களின் பெண்களும் தப்பவில்லை. அப்போது இதழ் கடனில் மூழ்கியிருந்தது. மெக்கென்சி கடன்காரர்களிடமிருந்து விலகி எல்லைக்கு அப்பால் அமெரிக்க ஊரான லூயிஸ்டனில் தங்கியிருந்தார்.

ஜூன் 8, 1826 அன்று சாமுவேல் ஜார்விஸ் தலைமையில் ஆளும் குடும்பங்களைச் சேர்ந்த இளைஞர்கள் அச்சுக்கூடத்துக்குள் நுழைந்தனர். அவர்களில் பலர் சட்டம் பயிலும் மாணவர்கள். அச்சுயந்திரத்தைச் சேதப்படுத்தி, கோத்துவைத்த பக்கங்களைக் கலைத்து, அச்செழுத்துகளை அள்ளிச் சென்று ஏரியில் எறிந்தனர். மாலைப்பொழுதில், இருட்டும் முன்பே இது நடந்தது. நீதிமன்ற அதிகாரம் கொண்ட இருவர் அருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தனர். தடுக்கவில்லை.

மெக்கென்சி இழப்பீடு கோரி வழக்குத் தொடுத்தார். நடுவர் குழு 625 பவுண்டு வழங்கத் தீர்ப்பளித்தது. அத்தொகை கடன்களைத் தீர்த்து இதழை மீண்டும் தொடங்கப் போதுமானதாக இருந்தது. நின்றுபோகும் நிலையில் இருந்த ஓர் இதழை அதன் எதிரிகளே மீட்டனர் என்று வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகின்றனர்.

இந்நிகழ்வு கனடிய இதழியல் வரலாற்றில் கருத்துச் சுதந்திரத்தின் வெற்றியாக நினைவுகூரப்படுகிறது. அது சரியானதே. வன்முறைக்குத் தீர்வு நீதிமன்றத்தில் கிடைத்தது, மக்களிலிருந்து தேர்ந்த நடுவர்கள் அதிகாரக் குடும்பங்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தனர். ஆனால் கலவரத்துக்குக் காரணமான கட்டுரைகள் மெக்கென்சியின் நல்ல எழுத்துகளில் சேர்பவை அல்ல. தனிமனிதத் தாக்குதலுக்குப் பலன் உண்டு என்ற தவறான பாடத்தை இந்த வெற்றி அவருக்குக் கற்பித்தது. அந்தப் பாடத்தை அவர் கடைசிவரை மறக்கவில்லை.

மாகாணச் சட்டமன்றம்

1828 இல் மெக்கென்சி யார்க் மாவட்டத் தொகுதியிலிருந்து சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1830 இல் மீண்டும் வென்றார். சட்டமன்றக் குழுக்களில் அவர் திறம்பட உழைத்தார். அஞ்சல்துறை, வங்கி, கால்வாய்ச் செலவுகள், சிறைகள், தேர்தல் தொகுதிகளின் சமமின்மை ஆகியவற்றை விசாரித்தார். உறுப்பினராக அவர் பெற்ற ஆவணங்கள் இதழில் செய்தியாயின, இதழால் எழுந்த குரல் சட்டமன்றத்தில் தீர்மானமாகியது.

1831 டிசம்பரில் சட்டமன்றத்தைக் கடுமையாக விமர்சித்துத் தன் இதழில் எழுதியதற்காக அவதூறுக் குற்றம் சாட்டப்பட்டு, அவர் அவையிலிருந்து நீக்கப்பட்டார். ஜனவரி 2, 1832 இல் நடந்த இடைத்தேர்தலில் 119 வாக்குகள் பெற்றார். எதிர்த்து நின்றவருக்கு ஒரே ஒரு வாக்கு கிடைத்தது. வாக்காளர்கள் அவருக்குத் தங்கப்பதக்கம் அணிவித்துப் பனிச்சறுக்கு வண்டிகளில் ஊர்வலமாக அழைத்துச் சென்றனர். சில நாட்களில் அவை மீண்டும் அவரை நீக்கியது. வாக்காளர்கள் மீண்டும் தேர்ந்தெடுத்தனர். நீக்கமும் தேர்வும் இவ்வாறு பலமுறை தொடர்ந்தன.

1832 இல் ஹாமில்டன் நகரில் மெக்கென்சி தாக்கப்பட்டார். அதே ஆண்டு மக்களின் மனுக்களுடன் லண்டன் சென்றார். காலனித்துவச் செயலர் காட்ரிச் பிரபு அவரைச் சந்தித்து முறையீடுகளைக் கேட்டார். அவரை நீக்குவதில் முன்னின்ற தலைமை வழக்கறிஞரும் துணைத் தலைமை வழக்கறிஞரும் லண்டன் உத்தரவால் பதவி இழந்தனர். எனினும் அடுத்து வந்த செயலர் துணைத் தலைமை வழக்கறிஞரை மீண்டும் பதவியில் அமர்த்தினார். லண்டனின் நீதி அமைச்சர் மாறினால் மாறிவிடும் என்று மெக்கென்சி கற்றது அப்போதுதான்.

மெக்கென்சியின் சட்டமன்றப் பணியின் உச்சம் 1835 இல் வெளிவந்த குறைகள் குழுவின் 'ஏழாவது அறிக்கை'. அவர் தலைமையேற்ற குழு சாட்சிகளை விசாரித்து, சம்பளங்கள், ஓய்வூதியங்கள், திருச்சபை மானியங்கள், நியமனங்கள் ஆகியவற்றைத் தொகுத்து அளித்தது. நிர்வாகம் மக்கள் தேர்ந்தெடுத்த அவைக்குப் பொறுப்பாக இருக்கவேண்டும் என்ற கோரிக்கைக்கு ஆவண அடிப்படையை அது உருவாக்கியது. லண்டன் அரசே அந்த அறிக்கைக்குப் பதில் சொல்ல நேர்ந்தது. பத்திரிகைக்காரரின் திறமையும் மக்கள் பிரதிநிதியின் கடமையும் முழுமையாகப் பொருந்திய இடம் இதுவே.

டொராண்டோவின் முதல் மேயர்

1834 மார்ச்சில் யார்க், டொராண்டோ என்ற பெயரில் மாநகராக மாறியது. மக்கள்தொகை சுமார் 9,000. அதுவரை நியமன நீதிபதிகள் நகரை நிர்வகித்து வந்தனர். முதல் நகரசபைத் தேர்தலில் சீர்திருத்தக் கட்சியினர் பெரும்பான்மை பெற்றனர். வட்டத் தேர்தலில் வென்ற மெக்கென்சியைச் சபை உறுப்பினர்கள் மேயராகத் தேர்ந்தெடுத்தனர். மேயர் பதவியோடு நகர நீதிமன்றத்தில் அமர்ந்து தீர்ப்பளிக்கும் பொறுப்பும் வந்தது.

புதிய சபை கடனையும் சேறு நிறைந்த தெருக்களையும் பெற்றுக்கொண்டது. மரப்பலகை நடைபாதைகள் அமைக்க முடிவெடுத்து வரியை உயர்த்தியது. வரிகளுக்கு எதிராகப் பத்து ஆண்டுகள் எழுதியவர் இப்போது வரி விதிப்பவராக இருந்தார். எதிர்ப்பு எழுந்தது. ஜூலை மாதம் இது குறித்துச் சந்தைக் கட்டடத்தில் நடந்த பொதுக்கூட்டத்தில் மாடம் இடிந்து விழுந்து சிலர் இறந்தனர். அந்தக் கோடையில் காலரா பரவியபோது மெக்கென்சி நகரைவிட்டு வெளியேறாமல் நோயாளிகளுக்கான பணிகளில் ஈடுபட்டார். அவரைக் கடுமையாக விமர்சித்தவர்களும் அந்தத் துணிவை மறுப்பதில்லை.

மெக்கென்சியின் மேயர் காலத்தில் மிகவும் விவாதிக்கப்படுவது ஒரு சிறிய வழக்கு. குடிபோதைக் குற்றத்துக்காக அவர் முன் நிறுத்தப்பட்ட ஒரு பெண், நீதிமன்றத்திலேயே அவரைத் திட்டிக் காலணியை எறிந்தார். மெக்கென்சி அப்பெண்ணின் கால்களைத் தொழுமரத்தில் பூட்டிப் பொது இடத்தில் உட்காரவைக்கத் தண்டனை விதித்தார். அக்காலத்திலேயே பழமையானதாகக் கருதப்பட்ட தண்டனை அது. எதிர்க்கட்சி இதழ்கள் இதை விடாமல் எழுதின. ஒரு பத்திரிகை உரிமையாளராக மெக்கென்சியே அதைத்தான் செய்திருப்பார்.

இந்நிகழ்வு அவரைக் கொடுங்கோலர் என்று காட்டப் போதுமானதல்ல. ஆனால் அவரது குறையைத் தெளிவாகக் காட்டுகிறது. அதிகாரத்தில் இருப்பவர்கள் தங்கள் மீதான ஏளனத்தைப் பொறுத்துக்கொள்ளவேண்டும் என்று வாதிட்டவர், தன் மீதான ஏளனத்தைப் பொறுக்கவில்லை. தன் பதவியையும் தன் ஆளுமையையும் அவரால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. எதிரிகளின் பதவியையும் ஆளுமையையும் அவர் ஒருபோதும் பிரித்துப் பார்த்ததில்லை என்பதன் மறுபக்கம் இது.

அதே ஆண்டு பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் ஜோசஃப் ஹியூம் தனக்கு எழுதிய கடிதத்தைத் தன் இதழில் வெளியிட்டார். தாய்நாட்டின் பிடியிலிருந்து கனடா விடுபடும் என்ற பொருள்படும் பகுதி அதில் இருந்தது. அதைப் படித்த மிதவாதிகள் அதிர்ந்தனர். மெதடிஸ்ட் தலைவர் எகர்டன் ரையர்சன் போன்ற பழைய ஆதரவாளர்களுடன் பகை முற்றியது. கிடைத்த கடிதத்தை அச்சேற்றவேண்டும் என்ற உந்துதல் அரசியல் கணக்கை வென்றது. 1834 நவம்பரில் மெக்கென்சி கலோனியல் அட்வகேட்டைக் கைமாற்றினார். 1835 ஜனவரியில் நடந்த நகரசபைத் தேர்தலில் தோற்றார்.

கிளர்ச்சி

1836 இல் புதிய துணைநிலை ஆளுநர் ஃபிரான்சிஸ் பாண்ட் ஹெட் சட்டமன்றத்தைக் கலைத்து, தேர்தலில் தானே நேரடியாகப் பிரச்சாரம் செய்தார். சீர்திருத்தக் கட்சி படுதோல்வி அடைந்தது. மெக்கென்சியும் தோற்றார். அமெரிக்கச் சுதந்திர நாளான ஜூலை 4 அன்று 'கான்ஸ்டிடியூஷன்' என்ற புதிய இதழைத் தொடங்கினார். நாளைத் தேர்ந்ததிலேயே அவரது திசை தெரிந்தது.

1837 டிசம்பர் தொடக்கத்தில் யங் தெருவில் உள்ள மாண்ட்கோமரி விடுதியில் கிளர்ச்சியாளர்கள் கூடினர். பெரும்பாலோர் விவசாயிகள். ஈட்டிகளும் வேட்டைத் துப்பாக்கிகளுமே ஆயுதங்கள். தாக்குதல் நாள் கடைசி நேரத்தில் மாற்றப்பட்டதால் குழப்பம் ஏற்பட்டது. முதல் மோதலில் முன்வரிசையினர் சுட்டுவிட்டு மீண்டும் குண்டு நிரப்பத் தரையில் படுத்தனர். பின்னால் இருந்தவர்கள் அவர்கள் இறந்துவிட்டதாக எண்ணி ஓடினர். நகரம் பாதுகாப்பின்றி இருந்த அந்நாட்களில் மெக்கென்சி அரசு ஆதரவாளர் ஒருவரின் வீட்டைக் கொளுத்தினார். அஞ்சல் வண்டியை மறித்துக் கடிதங்களைச் சோதித்தார். டிசம்பர் 7 அன்று அரசுப்படை கிளர்ச்சியை முறியடித்தது.

மெக்கென்சியின் தலைக்கு 1,000 பவுண்டு பரிசு அறிவிக்கப்பட்டது. விவசாயிகளின் வீடுகளில் ஒளிந்து சென்று நயாகரா ஆற்றைக் கடந்தார். வழியில் உதவிய எவரும் அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை. கொல்லர் சாமுவேல் லவுண்ட், விவசாயி பீட்டர் மேத்யூஸ் இருவரும் ஏப்ரல் 12, 1838 அன்று டொராண்டோவில் தூக்கிலிடப்பட்டனர்.

மெக்கென்சி மீதான மிகக் கடுமையான விமர்சனம் இங்கே எழுகிறது. சொற்களால் மக்களைத் திரட்டியவர், திரட்டிய மக்களை வழிநடத்தத் தயாராக இருக்கவில்லை. அடுத்த வாரம் திருத்தம் வெளியிட்டுவிடலாம் என்பது பத்திரிகையில் மட்டுமே சாத்தியம். லவுண்டும் மேத்யூஸும் அதற்கான விலையைக் கொடுத்தனர். ஹெட்டின் நேர்மையற்ற தேர்தல் முறை மக்களைக் கிளர்ச்சிக்குத் தள்ளியது என்பது உண்மை. ஆயினும் அந்தத் திட்டமிடாமைக்கு ஹெட் பொறுப்பல்ல.

அமெரிக்காவில்

மெக்கென்சி 1837 டிசம்பரில் நயாகரா ஆற்றில் உள்ள நேவி தீவில் தற்காலிக அரசு ஒன்றை அறிவித்தார். தீவுக்குப் பொருள் ஏற்றிச்சென்ற கரோலைன் என்ற கப்பலைப் பிரிட்டிஷ் தரப்பினர் டிசம்பர் 29 அன்று அமெரிக்கக் கரையில் புகுந்து எரித்தனர். அந்நிகழ்வு சர்வதேசச் சட்டத்தில் தற்காப்புரிமை பற்றிய விவாதங்களில் இன்றும் மேற்கோளாகிறது. அமெரிக்காவின் நடுநிலைச் சட்டத்தை மீறியதாக மெக்கென்சிக்கு 18 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 1839 முதல் 1840 வரை ராசெஸ்டர் சிறையில் இருந்தார். அங்கிருந்தபோதே தாய் இறந்தார்.

விடுதலைக்குப் பின் நியூயார்க் சுங்க அலுவலகத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது. அங்கு கிடந்த பழைய கடிதங்களில் அரசியல்வாதிகளின் பேரங்கள் இருப்பதைக் கண்டார். அவற்றைப் படியெடுத்து 1845 இல் நூலாக வெளியிட்டார். அதில் சிக்கியவர்கள் அவரது சொந்தச் சார்புக்கு உரிய ஜனநாயகக் கட்சியினர். புகலிடம் தந்த நாடு, பிழைப்பு தந்த அலுவலகம், ஆதரித்த கட்சி எதுவும் அவரைத் தடுக்கவில்லை. அவரது எதிரிகள் இதை நன்றியின்மை என்றனர். ஆனால் தன் தரப்பையும் விட்டுவைக்காத நேர்மை அவரிடம் இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

அமெரிக்கா பற்றிய அவரது கனவு கலைந்தது. 1849 இல் காலனித்துவச் செயலருக்கு எழுதிய கடிதத்தில், பின்னர் அறிந்தவற்றை 1837 இலேயே அறிந்திருந்தால் கிளர்ச்சி என்ற எண்ணத்துக்கே நடுங்கியிருப்பேன் என்று ஒப்புக்கொண்டார்.

திரும்புதல், இறுதிக்காலம்

ராபர்ட் பால்ட்வின் போன்ற மிதவாதிகளின் நீண்ட முயற்சியால் 1848 இல் கனடாவில் அவைக்குப் பொறுப்பான அரசு நடைமுறைக்கு வந்தது. 1849 பொதுமன்னிப்புக்குப் பின் மெக்கென்சி டொராண்டோவுக்கு வந்தபோது எதிர்ப்பாளர்கள் அவரது கொடும்பாவியைக் கொளுத்தி, அவர் தங்கிய வீட்டைத் தாக்கினர். 1850 இல் குடும்பத்துடன் திரும்பினார். 1851 இல் ஹால்டிமண்ட் தொகுதி இடைத்தேர்தலில் வென்றார். அவரிடம் தோற்றவர்களில் ஒருவர், 'குளோப்' இதழின் உரிமையாளரான ஜார்ஜ் பிரவுன்.

அதே ஆண்டு சான்சரி நீதிமன்றத்தை ஒழிக்க மெக்கென்சி கொண்டுவந்த தீர்மானம் அவையில் தோற்றது. ஆனால் மேல் கனடா உறுப்பினர்களில் பெரும்பான்மையோர் அதை ஆதரித்தனர். அதைத் தன் மீதான நம்பிக்கையின்மையாகக் கருதிப் பால்ட்வின் பதவி விலகினார். மெக்கென்சி ஆயுதத்தால் அடைய முயன்றதைப் பொறுமையால் அடைந்தவர், மெக்கென்சியின் தீர்மானத்தால் அரசியலைவிட்டு விலகினார்.

மெக்கென்சி பதவி எதையும் ஏற்காமல் தனி உறுப்பினராகவே இருந்தார். 'வீக்லி மெசேஜ்' என்ற சொந்த இதழையும் நடத்தினார். 1858 இல் உறுப்பினர் பதவியிலிருந்து விலகினார். நண்பர்கள் நிதி திரட்டி பாண்ட் தெருவில் வாங்கித் தந்த வீட்டில் ஆகஸ்ட் 28, 1861 அன்று மறைந்தார். அவ்வீடு இன்று அச்சுக்கூடத்துடன் கூடிய அருங்காட்சியகம். இலங்கைத் தமிழர் பெருமளவில் வாழும் இன்றைய டொராண்டோவில், நகரத்தின் முதல் தேர்தலை நினைவூட்டும் இடங்களில் அதுவும் ஒன்று.

வாழ்க்கை வரலாறுகளும் வழக்கும்

மெக்கென்சியின் முதல் விரிவான வாழ்க்கை வரலாற்றை மருமகனும் இதழாளருமான சார்லஸ் லிண்ட்சி 1862 இல் வெளியிட்டார். குடும்ப ஆவணங்களைப் பயன்படுத்திய, பரிவுடன் எழுதிய நூல் அது. 'கனடாவை உருவாக்கியவர்கள்' என்ற நூல்வரிசைக்காக வில்லியம் டாசன் லெசூர் மற்றொரு வாழ்க்கை வரலாற்றை எழுதினார். அதே குடும்ப ஆவணங்களைப் படித்த அவர் எதிர்மறையான முடிவுக்கு வந்தார். கிளர்ச்சி தேவையற்றது, மெக்கென்சி முன்னேற்றத்துக்குத் தடையாகவே இருந்தார் என்று வாதிட்டார். 1908 இல் பதிப்பாளர் கைப்பிரதியை நிராகரித்தார். மெக்கென்சியின் வாரிசுகள் நீதிமன்றம் சென்று நூல் வெளிவராமல் தடுத்தனர். மகள் வழிப் பேரனும் பின்னாளில் கனடாவின் பிரதமருமான வில்லியம் லயன் மெக்கென்சி கிங் அம்முயற்சியை ஆதரித்தார். லெசூரின் நூல் 1979 இல்தான் அச்சேறியது.

லெசூரின் கருத்து முழுமையானதல்ல. ஆவணங்களுடன் தொடர்ந்து எழுந்த எதிர்ப்பு இல்லாமல் மிதவாதிகளின் கோரிக்கை லண்டனில் எந்த அளவுக்குக் கேட்கப்பட்டிருக்கும் என்பதை அவர் எடைபோடவில்லை. ஆனால் ஒரு நூலுக்கு மறுப்பு இன்னொரு நூலாகவே இருக்கவேண்டும். அச்செழுத்துகள் ஏரியில் எறியப்பட்டவரின் வாரிசுகள், அவரைப் பற்றிய அச்சை நிறுத்தியது அவரது பெயருக்குப் பெருமை சேர்க்கவில்லை.

மதிப்பீடு

மெக்கென்சியின் பங்களிப்பு அவர் வகித்த பதவிகளில் இல்லை. மேயராக ஓராண்டுக்கும் குறைவாகவே இருந்தார். அமைச்சர் பொறுப்பு எதையும் வகிக்கவில்லை. அவர் நடத்திய கிளர்ச்சி சில நாட்களில் முடிந்தது. அரசின் கணக்கு மக்களின் சொத்து என்ற கருத்தை ஒரு மாகாணம் முழுக்க வேரூன்றச் செய்ததே அவரது சாதனை. 119 பேர் ஒருவருக்கு எதிராக வாக்களித்த அந்த இடைத்தேர்தலில் வாக்காளர்கள் ஆதரித்தது ஒரு தனிமனிதரை மட்டுமல்ல. தங்கள் பிரதிநிதியைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் உரிமையை அவர்கள் காத்துக்கொண்டனர்.

பத்திரிகை நடத்துபவர் பதவிக்கு வருவதில் எழும் சிக்கலுக்கு மெக்கென்சியின் வாழ்க்கை தெளிவான உதாரணம். விசாரிக்கும் பொறுப்பில் அவர் சிறந்து விளங்கினார், ஏழாவது அறிக்கை அதன் சான்று. முடிவெடுக்கும் பொறுப்பில் தடுமாறினார், தொழுமரத் தண்டனையும் மாண்ட்கோமரி விடுதியும் அதன் சான்றுகள். பிறரது குறையைக் கண்டறியும் கண் தன் குறையைக் காணும் பயிற்சியைத் தானாகவே தந்துவிடுவதில்லை. அதற்கு வெளியிலிருந்து இன்னொரு பத்திரிகை தேவைப்படுகிறது. மெக்கென்சி மேயராக இருந்தபோது அவரை விடாமல் விமர்சித்த எதிர்க்கட்சி இதழ்கள், நோக்கம் எதுவாயினும், அவரே தொடங்கிவைத்த பணியைத்தான் செய்தன.

தன் பதவியைப் பயன்படுத்தி மெக்கென்சி செல்வம் சேர்க்கவில்லை. தன் இதழை விலைக்கு விற்று அரசு ஆதரவைப் பெறவில்லை. அவர் வாழ்ந்த காலத்தில் இரண்டுக்கும் வாய்ப்புகள் இருந்தன. அவரது தவறுகளை மதிப்பிடும்போது இதையும் சேர்த்தே மதிப்பிடவேண்டும்.